உடம்பின் உப்பும் மைக்கின் மூச்சும்

மரக்காணம் உப்பளங்களில் கடல்நீர் நேரே உப்பாகிவிடுவதில்லை. பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் வற்றவிட்டு, அடர்த்தி போமே அளவில் சுமார் 25 டிகிரியைத் தொட்டபின்தான் உப்பு படியத் தொடங்கும். காமத்தைப் பாடும் பாட்டுகளில் பெரும்பாலானவை அந்தப் பதத்துக்குக் காத்திருப்பதில்லை. காத்திருந்தவை இரண்டு: அகநானூற்றின் 390ஆம் பாட்டு, ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் 2001இல் வெளியிட்ட ‘வெஸ்பர்டைன்’ தொகுப்பில் வரும் ‘கக்கூன்’.

அகப்பாட்டு அம்மூவனாருடையது. ஊர்ப்பெயர் அதில் இல்லை. ஆனால் சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று ஆய்வாளர் சிலர் கொள்வதால், அந்த நெய்தல் பாட்டை இந்தக் கரையில் நின்று படிக்கலாம். உப்பு விற்கும் பெண் ஒருத்தி, நெல்லுக்கு உப்பு மாற்றச் சேரிதோறும் கூவி வருகிறாள். வழிமறிக்கும் ஒருவன், அவள் மேனியில் வாழும் உப்புக்கு விலை தெரியவில்லையே என்கிறான். இன்றைய காதுக்கு அது அத்துமீறலாகவும் கேட்கும். எங்களை மறிக்க நீங்கள் யார் என்று திருப்பிக் கேட்கிறாள் அவள், லேசாகச் சிரிக்கிறாள், விலகுகிறாள். அவ்வளவுதான். தொடுதல் இல்லை. ஆனாலும் வெயிலில் நடந்தவளின் வியர்வையும், அதைச் சுவைத்துப் பார்க்கும் ஆசையும் அந்த விலைப்பேச்சுக்குள் அடங்கிவிட்டன. உழைக்கும் உடம்பை அதன் வியர்வையோடு விரும்பிய இந்தப் பாட்டுக்கு நிகராக இன்னொன்றை நான் படித்ததில்லை.

‘கக்கூன்’ தொடங்கும்போது கூடல் முடிந்திருக்கிறது. தன்னுள் இருந்தபடியே உறங்கிப்போன காதலனைப் பற்றிப் பெண் வியந்து பேசுகிறாள். தெரு இல்லை, விலை இல்லை. டென்மார்க்கின் தாமஸ் நாக்குடன் சேர்ந்து அமைத்த மின்னிசையில், அடியில் துடிக்கும் தாழ்ந்த ஒலியும் நுண்ணிய பொரிச்சத்தமுமே தாளம். குரல் காதோரம் கிசுகிசுக்கிறது. ஒவ்வொரு மூச்சும் கேட்கிறது. எய்கோ இஷியோகா இயக்கிய காணொளியில் மார்பிலிருந்து கிளம்பும் சிவப்பு நூல்கள் உடலைச் சுற்றிக் கூடாகின்றன.

பேசுவது யார் என்பதில் பியோர்க் பக்கம் கனம் அதிகம். 390இல் நாம் கேட்பது ஆணின் நினைவு. அவளுக்குக் கிடைத்தது கூவலும் ஒரு கேள்வியும்தான். அவள் சிரிப்பு ஆசையா, தப்பிக்கும் வழியா என்பதை அவன் சொல்லிக் கேட்டு நாம் தீர்மானிக்க முடியாது. (தன் உடலின் ஏக்கத்தைப் பெண்ணே சொல்வதற்குச் சங்கப் பெண்பாற் புலவர் வெள்ளிவீதியாரிடம் போகவேண்டும்.) ‘கக்கூனில்’ அந்த ஐயத்துக்கே இடமில்லை. விரும்பியவள், அடைந்தவள், பாடுபவள் எல்லாம் ஒருத்தியே.

ஆனால் மூச்சு என்று வந்தால் நான் அம்மூவனார் பக்கம். அவருடைய இன்னொரு உப்புப் பாட்டு, அகநானூறு 140. உப்பு விற்கும் உமணர் மகளைக் கண்டு மயங்கியவன், சேற்றில் புதைந்த உப்பு வண்டியை இழுக்கும் எருதின் வெம்மூச்சைத் தன் நோய்க்கு உவமையாக்குகிறான். அவளது கூவலைக் கேட்டு வீட்டு நாய் குரைப்பதும் அதே பாட்டில் உண்டு. பியோர்க்கின் மூச்சு நிறைவில் இளகியது, வெளியுலகை அடைத்துவிட்டு விடுவது. இங்கோ சேறு, சுமை, நாயின் குரைப்பு எல்லாவற்றுக்கும் நடுவே ஆசை மூச்சு வாங்குகிறது.