கெட்டி எண்ணெய்

பாடியைத் தாண்டித் திருவள்ளூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் மண்ணூர்பேட்டை வருகிறது. அந்தப் பக்கத்துப் பட்டறைகளில் வயதான கார் ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்தினால், "கெட்டியான ஆயிலா ஊத்திப் பாருங்க சார், புகை அடங்கிடும்" என்ற யோசனை இலவசமாகக் கிடைக்கும். லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய எஞ்சினுக்குக் கெட்டி எண்ணெய்தான் ஆயுள் மருந்து என்ற இந்த நம்பிக்கைக்கு நீண்ட சரித்திரம் உண்டு.

மோட்டார் வருவதற்கு முன்பே நம் வண்டிக்காரர்களுக்கு உராய்வின் சங்கதி தெரியும். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மையாக்கி, மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். மை எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நாள் அச்சில் ஒட்டிக்கொண்டிருக்கும். குழந்தைகளை அழவைத்த அதே விளக்கெண்ணெய் சீமையில் மோட்டாருக்குள்ளும் புகுந்தது. சார்லஸ் வேக்ஃபீல்டு 1899-இல் தொடங்கிய கம்பெனி, ஆமணக்கெண்ணெய் கலந்த தன் சரக்குக்கு அந்த எண்ணெயின் ஆங்கிலப் பெயரை ஒட்டியே காஸ்ட்ரால் என்று பெயர் சூட்டியது.

ஆனால் எஞ்சினுக்குள் நடக்கும் காரியம் வேறு. 1880-களில் இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்ற எஞ்சினீயர், சுழலும் அச்சின் மேல் தாங்கி ஒன்றைப் பொருத்திச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் துளை வழியே வெளியே பொங்கியது! தக்கையை வைத்து அடைத்தார். தக்கை எழும்பி வந்துவிட்டது. மரக்கட்டையை அடித்துப் பார்த்தார். அதையும் எண்ணெய் தள்ளிவிட்டது. சுழலும் அச்சு எண்ணெயை ஆப்புப் போல இடுக்கில் இழுத்துச் செல்கிறது என்பதும், இரும்பு இரும்பைத் தொடாமல் அந்த மெல்லிய படலமே பாரத்தைத் தாங்குகிறது என்பதும் அப்போது தெரிந்தன. 1886-இல் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதினார். தடிப்பு, வேகம், பாரம், இடைவெளி ஆகிய நான்கும் சேர்ந்த கணக்கு அது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு விடை காண முடியாது.

1911-இல் அமெரிக்க மோட்டார் எஞ்சினீயர்கள் சங்கம் தடிப்புக்கு எண்கள் கொடுத்தது. டப்பாவின் மேல் 20 டபிள்யூ-40 என்று இருந்தால், முதல் எண் குளிரைப் பற்றியது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். இரண்டாவது எண் சூடான எஞ்சினில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. பனி கொட்டாத நம் ஊரில் இரண்டாவது எண்ணுக்கு மதிப்பு ஏறியது இயல்புதானே?

வெயிலை விடப் பஞ்சமே அந்த மதிப்பை ஏற்றியது என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, நம் பஸ்கள் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடின. அடுப்பின் சாம்பல் தூள் எஞ்சினுக்குள் புகுந்து அரமாக வேலை செய்தது. யுத்தம் முடிந்து 1949-இல் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் பிறந்தது. 1960-களின் தொடக்கத்தில் பாடியில் வீல்ஸ் இந்தியாவும் லூகாஸ் டி.வி.எஸ்.ஸும் எழுந்தன, 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. பாகங்கள் உள்ளூரில் தயாராயின. புதுக் கார்தான் கிடைக்கவில்லை. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். இருக்கிற வண்டியைச் சாகவிடாமல் காப்பதே குடும்பத்தின் கவலையாயிற்று.

டாக்ஸி வைத்துப் பிழைப்பவர் எஞ்சினை இறக்கி, ரீபோர் செய்து, ரிங் மாற்றினால் செலவு ஒரு பக்கம். அத்தனை நாளும் வீட்டில் அடுப்பு எரியாதது மறுபக்கம். தேய்ந்து அகன்றுவிட்ட இடைவெளியில் கெட்டி எண்ணெய் சற்று நின்று கொடுக்கும். அழுத்தம் ஏறும், புகை குறையும். அது பொய்யல்ல. ஆனால் தேய்ந்த ரிங் அதனால் வளர்ந்துவிடாது. ஊன்றுகோல் காலைக் குணப்படுத்துமா? விற்கப்போகும் வண்டிக்குக் கெட்டி எண்ணெய் ஊற்றிப் புகையை மறைத்துவிட்டால், வாங்குகிறவரின் சேமிப்பல்லவா புகையாகிறது!

1973-இல் பெட்ரோலிய நெருக்கடி வந்த பிறகு உலகத்தின் கவலை மாறியது. கெட்டி எண்ணெயைக் கலக்குவதற்கே எஞ்சின் சக்தியைச் செலவிடுகிறது என்று கண்டு, மெல்லிய எண்ணெய்க்கு ஏற்றபடி எஞ்சின்களை அமைத்தார்கள். இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 0 டபிள்யூ-20, 0 டபிள்யூ-16 என்று விதித்திருக்கிறார்கள். அவற்றின் நுண்ணிய வழிகளில் கெட்டி எண்ணெய் தாமதமாகப் போய்ச் சேரும். போகிற அளவு குறைந்தால் சூட்டைச் சுமந்து வெளியேற்றுவதும் குறையும். தாத்தாவின் அம்பாஸடருக்குக் கொடுத்த கஷாயத்தைப் பேரனின் காருக்கும் புகட்டுவது விவேகமாகாது.

அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்ற பள்ளி ஆசிரியர் 1966-இல் ஒரு வால்வோ கார் வாங்கினார். 2013-இல் அது 30 லட்சம் மைலைக் கடந்தது. 6,80,000 மைல் வரை எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கவே இல்லை. அவர் ரகசிய மருந்து எதையும் ஊற்றியதில்லை. கைப்புத்தகம் சொன்னபடி, சொன்ன தவணையில் எண்ணெயை மாற்றிக்கொண்டே வந்தார். அந்த மாதிரிக் கைப்புத்தகம் ஒன்று நம் கார்களிலும் இருக்கிறது. பெரும்பாலும் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் டாஷ்போர்டுக்குள் தூங்குகிறது.