இங்கிலீஷ் கிளாஸில் ஏன் காலநிலை மாற்றம்? 6 கேள்விகள், பதில்கள்

சிபிஎஸ்இ-யில் பிளஸ் டூ படித்தவரா நீங்கள்? அப்படியென்றால் 'தி டைகர் கிங்' கதை ஞாபகம் இருக்கும். புலியால்தான் சாவு என்று ஜோசியர் சொன்னதும், ஒரு மகாராஜா வரிசையாகப் புலிகளைச் சுட்டுத் தள்ளுவார். கடைசியில் மரப்புலி பொம்மையின் சிராய் குத்திச் செத்துப்போவார். நம்ம கல்கி தமிழில் எழுதிய 'புலி ராஜா'வின் மொழிபெயர்ப்புதான் அது. பரீட்சைக்காக அதை நையாண்டிக் கதையாகப் படித்தோம். ஆனால் பத்தே வருடத்தில் 70 புலிகளைக் கொன்று, ஒரு சமஸ்தானத்துக் காட்டில் புலி இனமே இல்லாமல் போவதும் அதே கதையில்தான் வருகிறது.

அதை எத்தனை வகுப்பறைகளில் பேசினார்கள்? இப்போது நடக்கும் விவாதம் இதைச் சுற்றித்தான்.

1. சுற்றுச்சூழல் என்றால் சயின்ஸ் பாடம்தானே?

அப்படித்தான் நினைக்கிறோம். பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-லேயே உத்தரவிட்டது. 2003-ல் அதற்கான பாடத்திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பை என்சிஇஆர்டி-யிடம் கொடுத்தது. அதன் பிறகு வந்த தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005, சுற்றுச்சூழலை ஒரே பாடத்துக்குள் அடைக்காமல் எல்லாப் பாடங்களிலும் கலந்து கற்பிக்கச் சொன்னது. 'எல்லாப் பாடங்களும்' என்றால் ஆங்கிலமும் சேர்த்திதான்.

2. ஆங்கிலப் புத்தகத்தில் அப்படி என்ன இருக்கிறது?

பிளஸ் டூ-வின் 'விஸ்டாஸ்' புத்தகத்தில் புலி ராஜாவோடு இன்னொரு பாடமும் உண்டு. சென்னையில் பிறந்த எழுத்தாளர் திஷானி தோஷியின் அண்டார்டிகா பயணக் கட்டுரை அது. பனிப்பாறைகள் உருகுவதையும், கடலின் நுண் தாவரங்கள் அழிந்தால் உணவுச் சங்கிலிக்கு என்ன ஆகும் என்பதையும் அது எளிமையாகச் சொல்கிறது.

2022-ல் நடந்ததையும் இங்கே கவனிக்க வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, என்சிஇஆர்டி பல பகுதிகளை நீக்கியது. ஏழாம் வகுப்பு அறிவியலில் வானிலை, காலநிலை பற்றிய அத்தியாயம், எட்டாம் வகுப்பில் காற்று மற்றும் நீர் மாசு, பத்தாம் வகுப்பில் இயற்கை வளங்களின் நிலையான மேலாண்மை, பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் சுற்றுச்சூழல் பிரச்னைகள் எல்லாம் போயின. அதற்காகப் பாடத்திட்டத்தில் காலநிலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சயின்ஸில் இடம் சுருங்கியபோது, விஸ்டாஸில் இந்த இரண்டு பாடங்களும் தப்பித்தன. அந்த அளவுக்கு ஆங்கில ஆசிரியரின் பொறுப்பு கூடியிருக்கிறது.

3. இலக்கணத்துக்கும் காலநிலைக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. 1990-ல் கிரீஸின் தெசலோனிக்கி நகரில் நடந்த பயன்பாட்டு மொழியியல் மாநாட்டில் மைக்கேல் ஹாலிடே ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். வாட்டர், ஆயில், கோல், சாயில் இவையெல்லாம் ஆங்கிலத்தில் எண்ண முடியாத பெயர்ச்சொற்கள். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருக்கும் பொருளைப் போலத்தான் மொழி அவற்றைக் காட்டுகிறது. அதேபோல 'வளர்ச்சி' என்ற சொல்லுக்கு எப்போதுமே பாசிட்டிவ் அர்த்தம்தான்.

செயப்பாட்டு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். 'மரங்கள் வெட்டப்பட்டன', 'ஏரி ஆக்கிரமிக்கப்பட்டது'. வெட்டியது யார், ஆக்கிரமித்தது யார்? வாக்கியத்தில் ஆளே இல்லை. ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் பயிற்சிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

4. வகுப்பில் இதை எப்படிச் செய்வது?

பெரிய செலவு எதுவும் தேவையில்லை. 2021-ல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுக்கு முன்னதாக பிரிட்டிஷ் கவுன்சில் 'கிளைமேட் கனெக்‌ஷன்' திட்டத்தைத் தொடங்கியது. வசதி குறைந்த வகுப்பறைகளுக்கான பயிற்சிகளும் வெளிவந்தன. அதே பாணியில் சில யோசனைகள்:

• 'யூஸ்டு டு' பாடமா? வீட்டில் இருக்கும் பாட்டி, தாத்தாவிடம் அந்தக் காலத்துக் கிணறு, மழை, வெயில் பற்றித் தாய்மொழியில் பேட்டி எடுத்து, ஐந்து வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதலாம்.

• ஒப்பீட்டுச் சொற்களா? வீட்டு கரன்ட் பில்லில் மார்ச் மாத யூனிட்டையும் மே மாத யூனிட்டையும் ஒப்பிடலாம்.

• கடிதம் எழுதும் பயிற்சியா? கற்பனை எடிட்டருக்கு எழுதுவதை விட்டுவிட்டு, தெருவில் தேங்கும் குப்பை பற்றி உள்ளாட்சிக்கு உண்மையான மனு எழுதலாம்.

5. எதிர்ப்புக் குரல்கள் என்ன சொல்கின்றன?

முதல் கேள்வி, ஆசிரியர்கள் தயாரா என்பது. 2021-ல் யுனெஸ்கோ வெளியிட்ட உலகளாவிய ஆய்வில், சுமார் 95% ஆசிரியர்கள் காலநிலை மாற்றத்தைக் கற்பிப்பது முக்கியம் என்றார்கள். நம்பிக்கையோடு கற்பிக்க முடியும் என்றவர்கள் 40%-க்கும் குறைவு. தங்கள் பகுதியில் அதன் பாதிப்பை நன்றாக விளக்க முடியும் என்றவர்கள் மூன்றில் ஒரு பங்குதான்.

இரண்டாவது, நியாயம் பற்றியது. இந்தியாவில் தலா கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு ஆண்டுக்குச் சுமார் 2 டன். உலக சராசரி 4.5 டன்னுக்கு மேல். அமெரிக்காவில் சுமார் 14 டன். வீட்டில் ஒரே ஒரு ஃபேன் ஓடும் பிள்ளையிடம் 'உன் கார்பன் தடத்தைக் குறை' என்று கட்டுரை எழுதச் சொல்வது சரியா? குழாயை மூடு, லைட்டை அணை என்பதோடு பாடம் நின்றுவிட்டால், பெரிய அளவில் உமிழ்பவர்கள் பேச்சிலேயே வரமாட்டார்கள். பாசிவ் வாய்ஸில் ஆள் காணாமல் போவது போலத்தான் இதுவும்.

6. படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டோம். நமக்கு எதற்கு இது?

ஏனென்றால் இந்த ஆங்கிலம் இப்போது ஆபீஸுக்கே வந்துவிட்டது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள், 2022-23 நிதியாண்டு முதல் நிலைத்தன்மை அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது செபியின் விதி. 2024 அக்டோபரில், பொய்யான பசுமை விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல்களைக் கொண்டுவந்தது. 'எக்கோ ஃப்ரெண்ட்லி', 'கிரீன்' என்று பொத்தாம்பொதுவாகப் போட்டால் போதாது, ஆதாரம் வேண்டும்.

அந்த அறிக்கையையோ விளம்பரத்தையோ எழுதும், சரிபார்க்கும், மொழிபெயர்க்கும் வேலை உங்கள் மேஜைக்கும் வரலாம். வந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். செய்தது யார் என்று வாக்கியத்தில் இருக்கிறதா? எண் இருந்தால், எந்த ஆண்டோடு ஒப்பிட்டது? 'செய்வோம்' என்றால், எப்போதைக்குள்?

இந்த மூன்றையும் கேட்க ஸ்கூலிலேயே ஆங்கில ஆசிரியர் பழக்கியிருந்தால், கிளாஸில் புலி ராஜாவைப் பற்றி வேறு மாதிரி பேசியிருப்போம்.