சீமைக் கல்வீடும் கொல்லை வாசலும்

எங்க ஊர்ப்பக்கம் வீடு ரெண்டே வகைதான். ஒன்று சுண்ணாம்புச் சாந்து பூசிய காரைவீடு. மற்றது மண்சுவர் வைத்துப் பனையோலை வேய்ந்த நம்ம வீடு. நயினார்கோவில் நாகநாதரை முஸ்லிம்களும் வந்து கும்பிட்டுப் போகிறார்கள் என்று ஊரே பெருமையாகச் சொல்லும். அதே ஊர்ப்பக்கத்தில் காரைவீட்டுத் தலைவாசலில் நாம் கால்வைக்க முடியாது என்பதை யாரும் பேசமாட்டார்கள்.

சின்ன வயதில் அப்பத்தாவோடு ஒரு காரைவீட்டுக்கு நெல் அவிக்கப் போவேன். தெரியாத்தனமாய் முன்படியில் ஏறப்போன என்னை அப்பத்தா வெடுக்கென்று இழுத்தது. "அங்கிட்டுப் போகாத புள்ள, கொல்லைப்பக்கமா வா." எம்.ஏ. தமிழ் படிக்கையில் கோயில் கட்டடக்கலை என்று அதிட்டானம், உபபீடம் எல்லாம் மனப்பாடம் செய்தோம். கொல்லை வாசல் எந்தப் பாடத்திலும் வரவில்லை. சீமை வீடுகளைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் அது மறுபடி என் கண்ணில் பட்டது.

1666இல் லண்டன் எரிந்தது. மறுவருடமே வீடுகளைச் செங்கல்லிலோ கல்லிலோதான் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒட்டுச்சுவர் பகிர்ந்து, அகலம் குறுகி, உயரம் கூடிய வரிசை வீடுகள் எழுந்தன. கல் கிடைத்த பாத், பிரிஸ்டல் நகரங்களில் சுண்ணாம்புக்கல்லைச் செதுக்கி அடுக்கினார்கள். லண்டனில் செங்கல்தான். பல வீடுகளில் அதன்மேல் சாந்து பூசி, கல் அடுக்கியது போலக் கோடு கீறிவிட்டார்கள். கல்லில்லாதவனுக்கும் கல்வீட்டுக் கௌரவம் வேண்டியிருந்தது.

அந்த வீட்டுக்கு முன்னால் நின்றாலே யார் எங்கே என்பது விளங்கிவிடும். கற்படி ஏறினால் தலைவாசல், எசமானுக்கும் விருந்தாளிக்கும். பக்கத்திலேயே இரும்புக் கிராதி, அதற்குள் பள்ளமாய் ஒரு முற்றம், கீழே இறங்கும் படி. வேலைக்காரரும் பால்காரரும் அந்த வழி. அடுக்களை நிலத்துக்கு அடியில். முதல் மாடியில் உயரமான சன்னல்கள், விருந்தினர் கூடம். மேலே போகப்போக சன்னல் சிறுத்துக்கொண்டே போகும். கூரைக்கடியில் வேலைக்காரர் படுக்கை. எசமான் கண்ணில் படாமல் வேலை நடக்கப் பெரிய வீடுகளில் பின்படிக்கட்டு வேறு.

பிரிஸ்டலில் கிரேட் ஜார்ஜ் தெரு 7ஆம் எண் வீடு இப்படிப்பட்ட கல்வீடு. 1790ஐ ஒட்டி ஜான் பின்னி என்பவனுக்காகக் கட்டப்பட்டது. நெவிஸ் தீவில் அடிமைகளை வைத்துக் கரும்புத்தோட்டம் நடத்திய பணம் அது. பன்னிரண்டு வயதில் அவன் விலைக்கு வாங்கிய பீரோ என்ற கறுப்பினச் சிறுவன் வளர்ந்து, அவனுக்கே பணியாளாக இந்த நகரத்துக்கு வந்து, 1798இல் செத்துப்போனான். விடுதலை கடைசிவரை கிடைக்கவில்லை. இன்று அந்த வீடு அருங்காட்சியகம். 1999இல் பிரிஸ்டல் துறைமுகத்தில் திறந்த நடைபாலத்துக்குப் பீரோவின் பெயர்.

ஆகவே சீமை வீடு சமத்துவத்தின் சின்னம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கல்லிலும் அடிமையின் வியர்வை இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் உலகப்போரை ஒட்டி வேலைக்காரர்கள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போகத் தொடங்கினார்கள். பெரிய வீடுகளைத் தளம் தளமாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். கீழ்வாசல் இன்று அங்கே குடியிருப்பவரின் தலைவாசல். வேலை போனதும் வாசலின் தீட்டும் போயிற்று. நம் கொல்லை வாசல் வேலையோடு போவதில்லை. அது பிறப்போடு ஒட்டியது.

அண்ணல் அம்பேத்கர் 1917இல் பரோடாவில் அரசுப் பதவி ஏற்க வந்தார். தங்க இடமில்லை. பெயரை மறைத்துப் பார்சி விடுதி ஒன்றில் இருந்தார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து விரட்டினார்கள். வெளிநாட்டுப் படிப்பு அங்கே ஒரு அறைக்குக்கூட உதவவில்லை. 1920இல் மறுபடி லண்டன் போனார். 1921-22இல் கிங் ஹென்றி சாலை 10ஆம் எண் வரிசை வீட்டில் குடியிருந்து, பொருளாதாரமும் சட்டமும் படித்தார். நிறவெறி அங்கேயும் இருந்தது. ஆனால் எந்தச் சாதி என்று கேட்டுக் கதவடைக்க அங்கே ஆளில்லை. 2015இல் மகாராட்டிர அரசு அந்த வீட்டை வாங்கியது. இப்போது அது நினைவகம்.

லண்டன் போன தோழர் ஒருவர் அந்த வீட்டின் படத்தைக் காட்டினார். நான் முதலில் பார்த்தது வாசலைத்தான்.

இன்று அப்பத்தாவும் இல்லை, நெல் அவிப்பும் இல்லை. நம்ம தெருவிலும் சிமெண்டு வீடுகள் வந்துவிட்டன. ஆனால் பரமக்குடியிலோ மதுரையிலோ வாடகைக்கு வீடு தேடிப் போகும் நம் பிள்ளைகளிடம் முன்பணம் எவ்வளவு தருவாய் என்பதற்கு முன்னால் வருகிற கேள்வி ஒன்றுதான்: "நீங்க என்ன ஆளுக?"

பதில் சொன்னதும் வீடு இல்லை என்றாகிவிடுகிறது. கட்டடக்கலை வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் கதவையும் எழுத வேண்டும். அவர்கள் எழுதாவிட்டால் நாம்தான் எழுதியாக வேண்டும்.