பல் உள்வைப்பு வரலாற்றில் 'சிக்கல்': வெற்றியின் அளவுகோல்களும் பின்சிக்கல் மேலாண்மையும்

ஆய்வுச் சுருக்கம்

பல் உள்வைப்புச் சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் உலோகங்களின் வரலாறாகவும் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வருகிறது. எது வெற்றி, எது பின்சிக்கல் என்று வரையறுத்த அளவுகோல்கள் 1978 முதல் 2018 வரை எவ்வாறு மாறின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சிகிச்சைக்கு முன்னரே கடினநிலையைத் தரப்படுத்தும் முறை, தோல்வியின் விளைவாக அன்றி வெற்றியின் விளைவாகவே தோன்றியது என்பது இதன் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: பல் உள்வைப்பு, எலும்பு ஒருங்கிணைவு, பின்சிக்கல், கடினநிலை, மருத்துவ வரலாறு

முன்னுரை

தமிழில் 'சிக்கல்' என்னும் ஒரு சொல் இரண்டு பொருள்களைச் சுமக்கிறது. ஒரு செயலைத் தொடங்குமுன்பே அது எளிதன்று என்பதைச் சொல்லவும் அச்சொல்லையே ஆள்கிறோம்; செய்து முடித்தபின் எழும் கேட்டைச் சொல்லவும் அதையே ஆள்கிறோம். பேச்சுவழக்கில் இதனால் குறை ஒன்றும் நேர்வதில்லை. ஆனால் பல் உள்வைப்பு மருத்துவத்தில் இவ்விரு பொருள்களும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரணங்களால் கருத்தாக்கங்களாக உருப்பெற்றவை. எனவே இக்கட்டுரையில் முன்னதற்குக் 'கடினநிலை' என்ற சொல்லும் பின்னதற்குப் 'பின்சிக்கல்' என்ற சொல்லும் வேறுபடுத்தி ஆளப்படுகின்றன.

தாடையெலும்புக்குள் செயற்கை வேர் ஒன்றைப் பதித்து, அதன்மேல் செயற்கைப் பல்லைப் பொருத்துவதே பல் உள்வைப்பு எனப்படுகிறது. இதன் நிறை குறைகளைப் பேசும்போது நூற்றுக்கு இத்தனை வெற்றி என்று ஓர் எண் சொல்லப்படுவது வழக்கம். அந்த எண் எதனை எண்ணிப் பெறப்பட்டது என்ற வினாவிலிருந்தே இவ்வரலாற்றைத் தொடங்க வேண்டியுள்ளது.

நார்த்திசு நன்மையாகக் கருதப்பட்ட காலம்

அமெரிக்கரான ஈ. ஜே. கிரீன்ஃபீல்ட் 1913இல் இரிடியம் கலந்த பிளாட்டினக் கம்பியால் கூடைபோன்ற செயற்கை வேரை அமைத்துக் காட்டினார். 1930களின் பிற்பகுதியில் பாஸ்டன் நகரில் ஆல்வின் ஸ்ட்ராக், கோபால்ட்டும் குரோமியமும் சேர்ந்த வைட்டாலியம் என்னும் கலப்புலோகத் திருகுகளைப் பயன்படுத்தினார். 1940களில் சுவீடனைச் சேர்ந்த குஸ்தாவ் டால் எலும்புக்குள் நுழையாமல் அதன்மேல் படியும் உலோகச் சட்டத்தை உருவாக்கினார். 1960களில் லெனார்டு லிங்கோ பரப்பிய தகட்டு வடிவ உள்வைப்பு அமெரிக்காவில் பெரும் புழக்கத்துக்கு வந்தது.

இவற்றுள் பலவற்றைச் சுற்றி எலும்பு நேரடியாக ஒட்டவில்லை. இடையில் நார்த்திசுப் படலம் வளர்ந்தது. இன்றைய மருத்துவர் இதனைத் தோல்வி என்பார். அன்று அது தோல்வியாகப் பார்க்கப்படவில்லை. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய இழைநார் இருந்து மெல்லும் விசையைத் தாங்குகிறது. செயற்கை வேரைச் சுற்றிய நார்த்திசுவும் அதே பணியைச் செய்கிறது என்று வாதிடப்பட்டது. இவ்வாதத்தை அறியாமை என்று ஒதுக்குவது சரியன்று. இயற்கையை முன்மாதிரியாகக் கொண்ட எவருக்கும் அது பொருத்தமாகவே தோன்றியிருக்கும்.

1978இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனமும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் இணைந்து நடத்திய கருத்தொருமிப்பு மாநாட்டின் அளவுகோலில் இப்பார்வையின் தடத்தைத் தெளிவாகக் காணமுடிகிறது. உள்வைப்பு எத்திசையிலும் 1 மில்லிமீட்டருக்குக் குறைவாக அசையலாம். அதனைச் சுற்றிய எலும்பு செங்குத்து உயரத்தில் மூன்றில் ஒரு பங்குவரை குறையலாம். 100 பேரில் 75 பேருக்கு 5 ஆண்டுகள் பயன்பட்டால் அது வெற்றி. அசைவு இங்கே பின்சிக்கல் ஆகவில்லை. வெற்றிக்குள்ளேயே அதற்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. தளர்ந்த தகட்டு உள்வைப்பை அகற்றும்போது தாடையில் பெரும் பள்ளம் எஞ்சும் என்பதையும், அதன்பின் பொய்ப்பல் வரிசையைப் பொருத்துவதுகூடக் கடினமாகும் என்பதையும் எண்ணினால், இந்தத் தாராளம் யாருடைய வாயில் விடிந்தது என்பது விளங்கும்.

கோத்தன்பர்க் கணக்கு

சுவீடனின் லுண்ட் நகரில் 1950களின் தொடக்கத்தில் பெர்-இங்வார் பிரோனெமார்க் முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தாலான நுண்ணோக்குக் கூடு ஒன்றைப் பதித்துக் குருதியோட்டத்தை ஆராய்ந்தார். ஆய்வு முடிந்து எடுக்க முயன்றபோது கூடு எலும்போடு ஒன்றியிருந்தது. இந்நிகழ்ச்சி பலராலும் எடுத்துச் சொல்லப்படுவது. ஆதலின் இங்கு விரிக்கத் தேவையில்லை. 1965இல் கோத்தன்பர்க்கில் அவர் முதல் நோயாளிக்குக் கீழ்த்தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பதித்தார். 2006இல் அந்நோயாளி இறக்கும்வரை அவை பயன்பட்டன. 1978இல் இத்திருகுகளின் உற்பத்தி தொடர்பாக அவரோடு கூட்டுச் சேர்ந்தது போஃபர்ஸ் நிறுவனம். இந்திய வாசகர்கள் பீரங்கியின் வழியாக அறிந்த அதே பெயர்தான்.

வரலாற்று நோக்கில் திருகைவிட முதன்மையானது, 1981இல் ஆடெல்லும் பிரோனெமார்க் உள்ளிட்ட அவர்தம் குழுவினரும் வெளியிட்ட 15 ஆண்டுக் கணக்கு. 371 நோயாளிகளின் பல்லற்ற 410 தாடைகளில் பதிக்கப்பட்ட 2768 உள்வைப்புகள் அதில் பதிவாகியுள்ளன. செய்முறை நிலைபெற்றபின் சிகிச்சை பெற்று, 5 முதல் 9 ஆண்டுகள் கண்காணிக்கப்பட்ட பிரிவில் மேல்தாடை உள்வைப்புகளில் 81 விழுக்காடும் கீழ்த்தாடையில் 91 விழுக்காடும் உறுதியாக இருந்தன. அதே பிரிவில், உள்வைப்புகள் தாங்கிய பற்பாலங்களை எண்ணினால் மேல்தாடையில் 89, கீழ்த்தாடையில் 100 விழுக்காடு. ஒரே நோயாளிகள், ஒரே மருத்துவர்கள், ஒரே ஆண்டுகள்; எண்ணும் அலகு மாறியதும் வெற்றியும் மாறுகிறது. ஒரு தாடையில் ஆறு திருகுகள் இருந்து ஒன்று கழன்றாலும் பாலம் நிற்கக்கூடும். பொய்யாக எதுவும் சொல்லப்படவில்லை. இரு எண்களையும் ஒருங்கே வெளியிட்டது அக்குழுவின் நேர்மை. பின்னாளில் இவ்விரண்டில் பெரியதை மட்டும் எடுத்தாண்டோர் செய்ததை அவர்கள்மேல் ஏற்ற முடியாது.

எலும்பு அளவையும் அக்குழு எண்ணால் குறித்தது: குணமாகும் காலத்திலும் முதலாண்டிலும் சராசரி 1.5 மில்லிமீட்டர் இழப்பு. அதன்பின் ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர். இத்தகைய கணக்கு கையில் இருந்ததால்தான் 1986இல் தோமஸ் ஆல்பிரெக்ட்சன், ஜார்ஜ் ஸார்ப் முதலியோர் புதிய அளவுகோலை முன்வைக்க முடிந்தது. உள்வைப்பு சிறிதும் அசையக்கூடாது. முதலாண்டுக்குப் பின் எலும்பிழப்பு ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டருக்குள் அடங்கவேண்டும்; நீடித்த வலி, தொற்று, உணர்வின்மை இருத்தல் கூடாது; 5 ஆண்டில் 85, 10 ஆண்டில் 80 விழுக்காடு குறைந்தபட்ச வெற்றி. எட்டே ஆண்டுகளுக்கு முன் வெற்றியாக எண்ணப்பட்ட அசைவு தோல்வியின் முதல் அடையாளம் ஆயிற்று. பழைய நோயாளிகளின் தாடையில் எதுவும் மாறவில்லை. அவர்களது நிலைக்கு வழங்கிய பெயர் மாறியது.

அசையாத வேருக்கும் நோய்

உள்வைப்பு உறுதியாக நிற்கத் தொடங்கியதும் வேறொரு பின்சிக்கல் கண்ணுக்குப் புலனாயிற்று. விழுந்துவிடும் ஒன்றில் மெதுவாக வளரும் நோயைக் காண்பது அரிது. 1987இல் ஆந்த்ரேயா மோம்பெல்லி முதலியோர் நலமான உள்வைப்புகளையும் கெட்டுவரும் உள்வைப்புகளையும் ஒப்பிட்டு, கெட்டுவருபவற்றைச் சுற்றி ஈறுநோயில் காணப்படுவதை ஒத்த நுண்ணுயிர்களைக் கண்டனர். 1993இல் கூடிய முதலாம் ஐரோப்பியப் பற்சுற்றுத்திசு ஆய்வரங்கு இருநிலைகளைப் பிரித்தது. மென்திசுவோடு நிற்கும் மீளக்கூடிய அழற்சி ஒன்று. எலும்பையும் அரிக்கும் உள்வைப்புச்சுற்று அழற்சி மற்றொன்று.

இப்பிரிவு மேலாண்மையையும் படிப்படியானதாக மாற்றியது. 1990களின் பிற்பகுதியில் மோம்பெல்லியும் நிக்லாஸ் லாங்கும் வகுத்த முறையில் ஈற்றுப்பையின் ஆழமும் எலும்பிழப்பும் கூடக்கூடச் சிகிச்சைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன: முதலில் படிவை நீக்குதல், பிறகு குளோர்ஹெக்சிடின் போன்ற கிருமிநாசினி, பிறகு நுண்ணுயிர்க்கொல்லி, இறுதியில் அறுவை. ஆண்டுக்கணக்கில் மேல்முறையீடின்றி உள்வைப்பை அகற்றிவந்த நிலைக்கு இது மாற்றாயிற்று. ஆயினும் எல்லாப் பின்சிக்கலும் நுண்ணுயிரில் தொடங்குவதில்லை. பல்மூடியை ஒட்டும்போது ஈற்றுக்கடியில் தங்கிவிடும் பசை அதற்குச் சான்று. 2009இல் வில்சன் நுண்நோக்குக் குழாயின் துணையோடு ஆராய்ந்த நோயுற்ற உள்வைப்புகளில் 81 விழுக்காட்டில் எஞ்சிய பசை இருந்தது. அதனை அகற்றியபின் பெரும்பாலானவை தேறின. பல்லாண்டுக்குப் பின் வெளிப்படும் நோயின் காரணம் பல் பொருத்திய நாளின் சில நிமிடங்களில் இருக்கலாம் என்பதே இதன் பொருள்.

முன்கூட்டியே அளக்கப்பட்ட கடினநிலை

கோத்தன்பர்க் குழுவினர் பெரிதும் சிகிச்சையளித்தது பற்கள் அனைத்தும் இழந்தோருக்கு. அவர்தம் கீழ்த்தாடையின் முன்பகுதி எலும்பு அடர்ந்தது. உணர்நரம்பு வெளிவரும் இரு துளைகளுக்கும் இடைப்பட்டது. திருகை ஏற்க ஏற்றது. திருகைப் பதித்து, ஈற்றால் மூடி, மூன்று முதல் ஆறு மாதம் காத்திருந்தனர். அங்கே கிடைத்த வெற்றியே 1980களுக்குப் பின் இச்சிகிச்சையைப் பிற இடங்களுக்குக் கொண்டுசென்றது: எலும்பு மெலிந்த மேல்தாடைப் பின்புறம், சைனஸ் அறையின் தளத்தை உயர்த்தி எலும்பு நிரப்பவேண்டிய இடம், பல் பிடுங்கிய அதே நாளின் குழி, சிரிக்கும்போது ஈறு தெரியும் முன்பல். செய்பவர் வட்டமும் விரிந்தது. சிறு பல்குழுக்களின் கையில் இருந்தது பொதுப் பல் மருத்துவர்களின் நாற்காலிக்கு வந்தது.

இந்த விரிவுக்கான மறுமொழியே கடினநிலைத் தரப்படுத்தல். சுவிட்சர்லாந்தின் வாய் உள்வைப்பியல் கழகம் 1999இல் எளிது, உயர்நிலை, சிக்கலானது என்னும் மூவகைப் பகுப்பை ஏற்றது. பன்னாட்டு உள்வைப்பியல் குழு அதனைத் தழுவி, 2007இல் மயோர்காவில் கூடி விவாதித்து, 2009இல் ஆண்டனி டாசன், ஸ்டீபன் சென் ஆகியோரைப் பதிப்பாசிரியர்களாகக் கொண்டு நூலாக வெளியிட்டது. அறுவைக்கு ஒரு தரம், பல் பொருத்துதலுக்கு வேறொரு தரம் எனத் தனித்தனியே வழங்குவது அதன் சிறப்பு. புகைப்பழக்கம், உடல்நோய், சிரிப்புக்கோடு ஆகியவை தரத்தை உயர்த்தும்.

இப்பகுப்பு பொதுவழக்கான எண்ணம் ஒன்றைத் தலைகீழாக்குகிறது. ஒரு பல் போனால் சிறிய வேலை, தாடை முழுதும் போனால் பெரிய வேலை என்றே நோயாளிகள் கருதுவர். பல்லற்ற கீழ்த்தாடையில் இரண்டு உள்வைப்புகளின்மேல் கழற்றத்தக்க பல்வரிசையை நிறுத்துவது பெரும்பாலும் எளிய வகையைச் சாரும். மெல்லிய ஈறும் உயர்ந்த சிரிப்புக்கோடும் உடைய ஒருவரின் ஒற்றை முன்பல் சிக்கலான வகையைச் சாரலாம். முன்பல்லில் ஈறு 1 மில்லிமீட்டர் விலகினாலும் உலகம் பார்த்துவிடும். உள்வைப்பு உறுதியாக நிற்க, நோயாளி வாயைக் கையால் மறைத்துச் சிரிக்கும் நிலையை 1986ஆம் ஆண்டு அளவுகோல் வெற்றியென்றே எண்ணியிருக்கும். தரப்படுத்தலிலும் ஒரு குறை உண்டு. தரம் நோயாளியின் நிலைக்கு வழங்கப்படுகிறது; செய்பவரின் பயிற்சிக்கு அன்று. எளிது என்ற தரம் எவரும் செய்யலாம் என்று படிக்கப்படும் இடர் இதில் அடங்கியிருக்கிறது.

தீராத வழக்கு

2016இல் யான் டெர்க்ஸ் முதலியோர் சுவீடனில் உள்வைப்புப் பெற்று ஏறத்தாழ 9 ஆண்டுகள் கழிந்த 588 பேரை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். இரத்தக்கசிவோடு 0.5 மில்லிமீட்டருக்கு மேல் எலும்பிழப்பு என்ற வரம்பை வைத்தால் 45 விழுக்காட்டினருக்கு உள்வைப்புச்சுற்று அழற்சி இருந்தது. 2 மில்லிமீட்டருக்கு மேல் என்று வைத்தால் 14.5 விழுக்காடு. 1981இல் எண்ணும் அலகு செய்ததை இங்கே வரம்பு செய்கிறது. 2017ஆம் ஆண்டு உலக ஆய்வரங்கின் முடிவுகள் 2018இல் வெளியாயின. முந்தைய பதிவு இல்லாத நோயாளியிடம் இரத்தக்கசிவும் 6 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட பை ஆழமும் 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட எலும்பிழப்பும் சேர்ந்திருந்தால் நோய் எனக் கொள்ளலாம் என்று அது வகுத்தது. பல் பொருத்திய நாளில் எடுத்த கதிர்ப்படம் நோயாளியிடம் இல்லையெனில் நோயின் வரையறையே அவருக்கு வேறாகிவிடுகிறது.

காரணம் பற்றிய வழக்கும் முடியவில்லை. 1993ஆம் ஆண்டு ஆய்வரங்கின் கருத்தொருமிப்பு அறிக்கையை எழுதியவர்களுள் ஒருவரான ஆல்பிரெக்ட்சன், 2014இல் வேறு சிலரோடு சேர்ந்து ஒரு மாற்றுக் கருத்தை முன்வைத்தார். டைட்டானியம் எலும்போடு ஒன்றுவதே அயற்பொருளை உடல் சமன்செய்து வைத்திருக்கும் நிலை. அச்சமன் குலைவதால் நேரும் எலும்பிழப்பை எப்போதும் தொற்றுநோயாகக் கருதவேண்டியதில்லை என்பது அவர் தரப்பு. பற்சுற்றுத்திசு மருத்துவர் பலர் இதனை ஏற்கவில்லை. இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. ஒரே கதிர்ப்படத்தில் ஒரே 2 மில்லிமீட்டர் இழப்பைக் கண்டு ஒருவர் ஈற்றைத் திறந்து அறுவை செய்கிறார். மற்றொருவர் தூய்மை செய்துவிட்டு ஆறுமாதம் கழித்து வரச் சொல்கிறார்.