நரம்பு ஸ்டீராய்டு

நரம்பு ஸ்டீராய்டுகள் என்பவை மூளையிலும் பிற நரம்பு இழையங்களிலும் உருவாக்கப்படும் ஸ்டீராய்டு வகைச் சேர்மங்கள் ஆகும். இவற்றுட் சில, நரம்பணுக்களின் மென்சவ்வில் உள்ள காபா-ஏ என்னும் ஏற்பியுடன் இணைந்து, நரம்பணுக்களின் கிளர்ச்சியைத் தணிக்கும் குறிகைகளை வலுப்படுத்துகின்றன. இவ்வகையில் மிகுதியாக ஆராயப்பட்ட சேர்மம் அலோபிரெக்னனோலோன் ஆகும். வலிப்பு, பதற்றம், மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு ஆகியவற்றின் காரணங்களை அறிவதில் நரம்பு ஸ்டீராய்டுகள் முக்கிய இடம் பெறுகின்றன.

பொதுவாக ஸ்டீராய்டு ஹார்மோன்கள் உயிரணுவினுள் நுழைந்து, மரபணுக்களின் செயற்பாட்டை மாற்றுகின்றன. இதன் விளைவு தெரியப் பல மணி நேரமோ நாட்களோ ஆகலாம். காபா-ஏ ஏற்பியில் செயற்படும் நரம்பு ஸ்டீராய்டுகளோ மென்சவ்விலேயே இயங்குவதால், அவற்றின் விளைவு மிக விரைவாகத் தோன்றுகிறது.

ஆய்வு வரலாறு

ஸ்டீராய்டுகளுக்கு மயக்கமூட்டும் ஆற்றல் உண்டு என்பதை 1941 ஆம் ஆண்டு ஹான்ஸ் செலியே வெளியிட்டார். புரோஜெஸ்தெரோன் போன்ற ஹார்மோன்களை மிகுந்த அளவில் பெற்ற எலிகள் உணர்விழந்து உறங்குவதை அவர் கண்டார். இவ்வழியில் உருவான அல்ஃபாக்சலோன் என்னும் செயற்கை ஸ்டீராய்டு, 1970களில் அல்தேசின் என்ற மயக்க மருந்தின் முதன்மைக் கூறாக அறுவை சிகிச்சைகளில் பயன்பட்டது. அம்மருந்தைக் கரைக்கச் சேர்த்த பொருள் ஒவ்வாமையை ஏற்படுத்தியதால், 1984 இல் அது மனிதப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. அல்ஃபாக்சலோன் வேறு கரைப்பானுடன் கால்நடை மருத்துவத்தில் இன்றும் பயன்படுகிறது.

1981 ஆம் ஆண்டு பிரான்சில் எத்தியென்-எமில் போலியூவும் அவரது குழுவினரும், டி.எச்.ஈ.ஏ. சல்பேட்டு என்னும் ஸ்டீராய்டு எலியின் குருதியை விட மூளையில் அதிக செறிவுடன் இருப்பதைக் கண்டறிந்தனர். ஸ்டீராய்டைச் சுரக்கும் அண்ணீரகச் சுரப்பியையும் பாலினச் சுரப்பியையும் அகற்றிய பின்னரும் அது மூளையில் நீடித்தது. எனவே மூளையே அதனை உருவாக்குகிறது என்ற முடிவு எட்டப்பட்டது. நரம்பு ஸ்டீராய்டு என்ற பெயர் இவ்வாய்விலிருந்தே தோன்றியது.

1984 இல் இலண்டனில் நீல் ஹாரிசனும் மைக்கேல் சிம்மண்ட்சும், அல்ஃபாக்சலோன் காபாவின் விளைவை வலுப்படுத்துவதைக் காட்டினர். 1986 இல் அமெரிக்காவில் மரியா மாயெவ்ஸ்கா, ஸ்டீவன் பால் உள்ளிட்டோர், உடலில் இயற்கையாக உருவாகும் அலோபிரெக்னனோலோனும் அவ்வாறே செயற்படுவதை நிறுவினர். செலியே கண்ட உறக்கத்திற்கான விளக்கம் ஏறத்தாழ 45 ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு கிடைத்தது.

உருவாகும் விதம்

நரம்பு ஸ்டீராய்டுகளின் மூலப்பொருள் கொலஸ்டிரால் ஆகும். இது உயிரணுவின் இழைமணியில் பிரெக்னெனோலோனாக மாறுகிறது. அதிலிருந்து புரோஜெஸ்தெரோன் உருவாகிறது. பின்னர் இரண்டு நொதிகள் அடுத்தடுத்துச் செயற்பட்டுப் புரோஜெஸ்தெரோனை அலோபிரெக்னனோலோனாக மாற்றுகின்றன. சூலகம் முதலிய உறுப்புகளிலிருந்து குருதி வழியே வரும் புரோஜெஸ்தெரோனையும் மூளை இவ்வாறு மாற்றிக்கொள்ளும்.

மூலக்கூறின் வடிவம் இங்கு மிக இன்றியமையாதது. மூன்றாம் கரிம அணுவில் உள்ள ஐதராக்சில் தொகுதி ஆல்ஃபா எனப்படும் திசையில் அமைந்தால் மட்டுமே சேர்மம் காபாவின் விளைவைக் கூட்டுகிறது. அதே தொகுதி எதிர்த்திசையில் அமைந்தால் அவ்விளைவு தோன்றுவதில்லை. எல்லா நரம்பு ஸ்டீராய்டுகளும் தணிப்பவை அல்ல என்பதும் குறிப்பிடத்தக்கது. பிரெக்னெனோலோன் சல்பேட்டு, டி.எச்.ஈ.ஏ. சல்பேட்டு ஆகியன காபா-ஏ ஏற்பியின் செயற்பாட்டைக் குறைக்கின்றன.

காபா-ஏ ஏற்பியில் செயற்பாடு

காபா என்பது மூளையின் முதன்மையான தடுப்பு நரம்புக் கடத்தி ஆகும். காபா-ஏ ஏற்பி ஐந்து புரதத் துணையலகுகள் வளையமாக அமைந்து உருவானது. அவற்றின் நடுவே ஒரு துளை உள்ளது. காபா வந்து இணையும்போது துளை திறந்து, குளோரைடு அயனிகள் உட்புகுகின்றன. முதிர்ந்த நரம்பணுவில் இது உட்புற மின்னழுத்தத்தை மேலும் எதிர்மமாக்குவதால், நரம்பணு குறிகை எழுப்புவது கடினமாகிறது.

குறைந்த செறிவில் அலோபிரெக்னனோலோன் காபாவின் விளைவைக் கூட்டுகிறது. உயர் செறிவில் காபா இன்றியே துளையைத் திறக்கவல்லது. இவ்விரு செயல்களுக்கும் ஏற்பியில் தனித்தனி இடங்கள் உள்ளன என்பதை 2006 இல் இலண்டனில் டிரெவர் ஸ்மார்ட் குழுவினர் வெளியிட்டனர். அவை மென்சவ்வினுள் பதிந்துள்ள பகுதியில் அமைந்துள்ளன.

காபாவின் தடுப்பு இரு வகைப்படும். நரம்பிணைப்பில் கணநேரம் நிகழ்வது ஒன்று. நரம்பிணைப்புக்கு வெளியே உள்ள ஏற்பிகளால் இடைவிடாது நிகழ்வது மற்றொன்று. வண்டியோட்டி வேண்டும்போது மட்டும் பிரேக்கை மிதிப்பதற்கும், எப்போதும் இலேசாக அழுத்தி வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதற்கு ஒப்பிடலாம். தொடர் தடுப்பில் பங்குபெறும் ஏற்பிகள் பலவற்றில் டெல்ட்டா என்னும் துணையலகு உள்ளது. இவ்வேற்பிகளின் தொடர் தடுப்பை நரம்பு ஸ்டீராய்டுகள் குறைந்த செறிவிலேயே கூட்டுகின்றன என்பதை இஸ்த்வான் மோடி உள்ளிட்டோர் 2003 இல் காட்டினர். டயசிபாம் போன்ற உறக்க மருந்துகள் டெல்ட்டா கொண்ட ஏற்பிகளில் செயற்படுவதில்லை.

கருப்பமும் மகப்பேறும்

கருப்பக் காலத்தில் தாயின் குருதியில் அலோபிரெக்னனோலோன் பெரிதும் உயர்ந்து, மகப்பேற்றுக்குப் பின் சில நாட்களுக்குள் சரிகிறது. 2008 இல் ஜேமி மக்குவயரும் மோடியும் சுண்டெலிகளில் நடத்திய ஆய்வில், கருப்பத்தின்போது டெல்ட்டா துணையலகின் அளவு குறைந்து, ஈன்றபின் மீள்வதைக் கண்டனர். தணிக்கும் பொருள் பெருகும்போது, ஏற்பி தன்னைக் குறைத்துக்கொண்டு சமநிலை காக்கிறது எனலாம்.

இத்துணையலகு குறைபாடுடைய தாய் எலிகள் மனச்சோர்வை ஒத்த நடத்தையைக் காட்டின, குட்டிகளைப் புறக்கணித்தன, குட்டிகள் பல இறந்தன. டெல்ட்டா ஏற்பிகளைத் தூண்டும் மருந்து கொடுக்கப்பட்டபோது தாய்மை நடத்தை மேம்பட்டது.

மனிதரிடமும் இதற்கு இணையான சான்று உண்டு. 2000 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 16 பெண்களுக்கு ஹார்மோன்கள் கொடுக்கப்பட்டுப் பின் நிறுத்தப்பட்டன. முன்பு மகப்பேற்று மனச்சோர்வுக்கு ஆளான 8 பேரில் 5 பேருக்கு அறிகுறிகள் தோன்றின. அதற்கு ஆளாகாத 8 பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஹார்மோன் வீழ்ச்சி இரு குழுவினருக்கும் ஒன்றே. அதற்கு மூளை காட்டும் எதிர்வினையே வேறு. எனவே இந்நோயைத் தாயின் மனவுறுதிக் குறைவாகவோ குழந்தை மீதான அன்பின் குறைவாகவோ கருதுவது பிழையாகும்.

மருத்துவப் பயன்பாடு

அலோபிரெக்னனோலோன், பிரெக்சனோலோன் என்ற பெயரில், மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கென அமெரிக்காவில் 2019 மார்ச்சு மாதம் ஒப்புதல் பெற்றது. இந்நோய்க்கெனவே அங்கு ஒப்புதல் பெற்ற முதல் மருந்து இதுவாகும். ஆயினும் அதனை மருத்துவக் கண்காணிப்பில் 60 மணி நேரம் நரம்பூசி வழியே செலுத்த வேண்டியிருந்தது. திடீர் உணர்விழப்புக்கும் வாய்ப்பிருந்தது. 2024 இறுதியுடன் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது.

வாய்வழியே உட்கொள்ளும் சுரனோலோன் 2023 ஆகத்து மாதம் ஒப்புதல் பெற்றது. இதனை நாள்தோறும் மாலையில் 14 நாட்கள் உட்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் 12 மணி நேரம் வண்டி ஓட்டலாகாது. ஒரு முக்கியச் சோதனையில், 15 ஆம் நாளில் மனச்சோர்வு மதிப்பெண் இம்மருந்தால் சராசரியாக 15.6 புள்ளிகள் குறைந்தது. போலி மருந்து பெற்றோரிடமும் 11.6 புள்ளிகள் குறைந்தது. ஆகவே மருந்தின் தனிப்பயன் 4 புள்ளிகளே. பொதுவான பெருமனச்சோர்வுக்கு இம்மருந்து அப்போது ஒப்புதல் பெறவில்லை.

கனாக்சோலோன் என்னும் மற்றொரு சேர்மம், சி.டி.கே.எல்.5 மரபணுக் குறைபாட்டால் தோன்றும் வலிப்புக்காக 2022 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இவற்றையும் பார்க்க

காபா
நரம்பணு
புரோஜெஸ்தெரோன்
மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு