சாத்தூர் ரயிலடியும் மதுரை விமான நிலையமும்

எங்கள் ஊரான ஏழாயிரம்பண்ணையில் ரயில் நிலையமும் கிடையாது, விமான நிலையமும் கிடையாது. சென்னைக்குப் போவதென்றால் முதலில் ஒரு பஸ் ஏற வேண்டும். சாத்தூரில் இறங்கினால் முத்துநகர், நெல்லை, அனந்தபுரி ரயில்கள். சிவகாசிப் பக்கம் போனால் பொதிகை. கோவில்பட்டிக்குப் போனால் 2024 ஆகஸ்ட் 31 முதல் ஓடுகிற நாகர்கோவில் வந்தே பாரத். விமானம் என்றால் மதுரை. இல்லாவிட்டால் தூத்துக்குடி வாகைக்குளம். மதுரை நிலையம் இப்போது 24 மணி நேரமும் இயங்குகிறது. வாகைக்குளத்தில் 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டி, புது முனையத்தை 2025 ஜூலை 26 அன்று திறந்தார்கள்.

ஒரு காலத்தில் எங்கள் பக்கம் விமானத்தில் போகிறவர் என்றால் பட்டாசு ஆலையோ அச்சகமோ வைத்திருப்பவராக இருப்பார். இப்போது அப்படியில்லை. தீப்பெட்டி ஆபீசுக்கும் வெடி ஆபீசுக்கும் கூலிக்குப் போய்ப் படிக்க வைத்தவர்களின் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள். அம்மாவையும் அப்பாவையும் ஒருதடவையாவது விமானத்தில் கூட்டிப்போய்விட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். அந்தக் குடும்பங்களை மனதில் வைத்துத்தான் இந்த இரண்டு பயணங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். எது சீக்கிரம் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். டிக்கெட் வாங்கிய பிறகு பயணியின் கையில் என்ன உரிமை மிஞ்சுகிறது என்பதுதான் என் கேள்வி.

மூட்டையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்கு இந்தக் கேள்வி அங்கேதான் எழுந்தது. அம்மாவை முதல்முறை மதுரையில் விமானம் ஏற்றப் போனபோது, பையில் சாத்தூர் சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டிக் கடலை மிட்டாய், ஒரு பொட்டலம் கருப்பட்டி எல்லாம் இருந்தன. தராசில் வைத்ததும் அளவைவிட இரண்டரை கிலோ கூடுதல் என்றார்கள். ஒரு கிலோவுக்குக் கேட்ட பணம் ஒரு கிலோ சேவின் விலையைவிட அதிகம். “ஏய்யா, சேவுக்கும் டிக்கெட் எடுக்கணுமா?” என்று அம்மா கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல், சேவையும் கருப்பட்டியையும் எடுத்துத் திரும்பக் கொண்டுவந்தேன். பேரப்பிள்ளைகளுக்கென்று பார்த்துப் பார்த்து வாங்கியவை அவை.

உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்குப் பொதுவாக 15 கிலோ பெட்டியும், கையில் 7 கிலோவும் அனுமதி. ரயிலில் படுக்கை வசதி வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 40 கிலோ, இரண்டடுக்கு ஏசியில் 50 கிலோ இலவசம். விமானத்துக்கு எடை என்பது எரிபொருள். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூடுதல் கிலோவுக்கான விலை எரிபொருள் கணக்கோடு நிற்பதில்லை என்பதும், அது டிக்கெட் வாங்கும்போது கண்ணில் படாமல் கவுண்டரில் நிற்கும்போது படுகிறது என்பதும்தான் குறை. (ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒன்று. எங்கள் ஊர் செய்யும் பட்டாசை இரண்டிலும் கொண்டுபோகக் கூடாது. ரயிலில் கொண்டுபோனால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. இந்தத் தடை இன்னும் கடுமையாக இருந்தாலும் நான் ஆதரிப்பேன். வெடி என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.)

அடுத்தது இருக்கை. இரண்டு துறைகளின் மனமும் வெளிப்படுவது இங்கேதான். ரயிலில் முன்பதிவு செய்யும்போது வயதை எழுதுகிறோம். 60 வயது கடந்த ஆணுக்கும், 45 வயதான பெண்ணுக்கும் கீழ்ப்படுக்கை காலியாக இருந்தால் கணினியே ஒதுக்கிவிடும். அதற்குத் தனிக் காசு இல்லை. விமானத்தில் வயதைக் கேட்பார்கள். அதை வைத்து இடம் தரமாட்டார்கள். ஜன்னலுக்கு ஒரு விலை, நடைவழிக்கு ஒரு விலை, கால் நீட்ட இடம் இருந்தால் அதற்கு ஒரு விலை. நடுவில் உள்ள சில இருக்கைகள் இலவசமாக இருக்கும், அவையும் கண்டுபிடித்தால்தான். 2018 நவம்பரில் இண்டிகோ, இணையத்தில் செக்-இன் செய்தால் எல்லா இருக்கைக்கும் கட்டணம் என்று அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பில் விமானப் போக்குவரத்து அமைச்சகமே தலையிட்டது. கவுண்டரில் போர்டிங் பாஸ் தருவதற்குத் தனியாகப் பணம் வாங்கக் கூடாது என்று 2022 ஜூலையில் உத்தரவிட வேண்டி வந்தது. 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது இடம் கொடுங்கள் என்று 2024 ஏப்ரலில் விமானத்துறையை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ சொல்ல வேண்டி வந்தது. தாயையும் பிள்ளையையும் ஒன்றாக உட்கார வைக்க அரசாணை தேவைப்பட்டது என்பதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

ரயில்வேயும் பெரியவர்களுக்கு ஒரு துரோகம் செய்திருக்கிறது. மூத்த ஆண்களுக்கு 40 விழுக்காடும் பெண்களுக்கு 50 விழுக்காடும் இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தியவர்கள், கொரோனா போய் இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் திருப்பித் தரவில்லை.

இணையத்தில் பதிவு செய்யும் கட்டணமும் இருக்கையைப் போலவே இரண்டிலும் வேறுபடுகிறது. ரயில் டிக்கெட் விற்கும் ஐஆர்சிடிசி தளத்தில் சாதாரண வகுப்புக்கு 15 ரூபாய், ஏசிக்கு 30 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஒரே டிக்கெட்டில் ஆறு பேர் போனாலும் அவ்வளவுதான். விமானத்தில் அதே வேலைக்குத் தலைக்கு நூற்றுக்கணக்கில். போக ஒன்று, வர ஒன்று.

இப்போது ரத்து. எங்கள் பக்கத்தில் பயணம் ரத்தாவதற்குப் பெரும்பாலும் காரணம் சாவு, அல்லது ஆஸ்பத்திரி. யாரும் விளையாட்டுக்கு டிக்கெட்டை ரத்து செய்வதில்லை. 2015 நவம்பரில் ரயில்வே வகுத்த விதியில், புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்தால் படுக்கை வகுப்புக்கு 120 ரூபாய், மூன்றடுக்கு ஏசிக்கு 180 ரூபாய் பிடித்தம். 48 மணியிலிருந்து 12 மணி வரை கட்டணத்தில் கால் பங்கு, 12 மணியிலிருந்து 4 மணி வரை பாதி என்று வைத்தார்கள். கறாரான விதிதான். தட்கல் உறுதியான டிக்கெட்டுக்கு ஒரு பைசாவும் திரும்பாது என்பது அதைவிடக் கறார். ஆனாலும் சாத்தூர் கவுண்டரில் டிக்கெட் எடுத்தவருக்கும் எழும்பூரில் எடுத்தவருக்கும் ஒரே விதி. எவ்வளவு போகும் என்பதை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கூட விரல்விட்டு எண்ணிவிடலாம்.

விமானத்தில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு விதி, ஒரே விமானத்துக்குள் ஒவ்வொரு கட்டண வகைக்கும் ஒரு விதி. இதற்கு டிஜிசிஏ ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது: ரத்துக் கட்டணம், அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. இதை இரண்டாம் தடவை படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த நிறுவனம் தன் சேவைக்கு வாங்கிய பணம் மொத்தமே அந்தத் தொகைதானே! முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம் என்பதை வரம்பு என்று எப்படிச் சொல்வது? மலிவு டிக்கெட் எடுக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அது அப்படியேதான் முடிகிறது. திரும்ப வருவது வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் மட்டும். டிக்கெட் ‘திரும்பப் பெற முடியாத’ வகையாக இருந்தாலும் அவற்றைத் தந்தாக வேண்டும் என்பது விதி. மொத்தமே போய்விட்டது என்று நினைத்துப் பலர் அதையும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு சிறு சலுகையும் உண்டு. பயணத்துக்கு ஏழு நாளுக்கு முன்பே பதிவு செய்திருந்தால், 24 மணி நேரத்துக்குள் கட்டணமின்றி ரத்து செய்யலாம் என்று விதி வைத்தார்கள். அதை 48 மணி நேரமாக்கும் வரைவை டிஜிசிஏ 2025 நவம்பரில் வெளியிட்டது. நல்லதுதான். ஆனால் மரணம் பதிவு செய்த மறுநாளே வருவதில்லை.

இதுவரை ரயில் பக்கமே தராசு சாய்ந்தது. தாமதம் என்று வந்தால் நேர்மாறு. இதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். மதுரை–சென்னை போன்ற குறுந்தூர விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். ஆறு மணி நேரத்தைத் தாண்டும் என்றால் வேறு விமானம் அல்லது முழுப் பணம். முன்னறிவிப்பின்றி ரத்து செய்தால் பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும், இதில் எது குறைவோ அது இழப்பீடு. இடத்துக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்டு ஏற்ற மறுத்தால் 20,000 ரூபாய் வரை. வானிலை போன்ற ‘அசாதாரணச் சூழ்நிலை’ என்று சொல்லி நழுவ வழி இருக்கிறது. இருந்தாலும் உரிமை எழுத்தில் இருக்கிறது.

ரயிலில் அந்த எழுத்தே இல்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஏறாமல் இருந்து பணத்தைத் திரும்பப் பெறலாம், அவ்வளவுதான். ஏறியவனுக்கு, நேர்காணலைத் தவறவிட்டவனுக்கு, எதுவும் இல்லை. 2016இல் ஜம்மு போன ரயில் நான்கு மணி நேரம் தாமதமாகி, ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட ஒரு குடும்பம் வழக்குப் போட்டு, 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வரை ரயில்வே வாதாடித் தோற்ற பிறகுதான் 30,000 ரூபாய் இழப்பீடு உறுதியானது. ஐந்து ஆண்டுகள்! காத்திருப்போர் பட்டியலில் காசு கட்டிவிட்டு, இடமும் கிடைக்காமல் பிடித்தமும் கொடுக்கிற கொடுமை விமானத்தில் இல்லை. பொங்கலுக்கு ஊர் வர ஆசைப்படும் எங்கள் பிள்ளைகளுக்கு ரயில்வே செய்கிற பெரிய அநீதி அதுதான். மலிவான டிக்கெட் கிடைக்காவிட்டால் அந்த மலிவால் என்ன பயன்?

2025 டிசம்பரில் நடந்ததை இந்த ஒப்பீட்டின் மையத்தில் வைக்கிறேன். விமானிகளின் ஓய்வு நேர விதிகள் முன்பே அறிவிக்கப்பட்டிருந்தும் இண்டிகோ அதற்கேற்ற ஆள்பலத்தோடு இல்லை. நாட்டின் உள்நாட்டுப் பயணிகளில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றிச் செல்லும் நிறுவனம் அது. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. மற்ற நிறுவனங்களின் கட்டணம் வானத்துக்கு ஏறியது. மறுநாள் அரசு உச்சவரம்பு விதித்தது: 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000. மதுரை–சென்னை முதல் பிரிவில் வரும். தவித்துப்போன பயணிகளைத் தாங்கியது ரயில்வே; 37 ரயில்களில் 116 பெட்டிகளைக் கூடுதலாக மாட்டினார்கள். ஒரு பக்கம் ஆள் தவிக்கத் தவிக்க விலை ஏறுகிறது. இன்னொரு பக்கம் அதே நாளில் பழைய விலையிலேயே பெட்டி சேர்கிறது.

ரயில்வேயால் அது முடிகிறது என்றால் அதற்குப் பின்னால் பொதுப்பணம் இருக்கிறது. 100 ரூபாய் செலவாகும் பயணத்துக்குப் பயணி தருவது 54 ரூபாய்தான் என்று ரயில்வே அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். விமான நிறுவனத்துக்கு அந்தத் தாங்கல் கிடையாது. கிங்ஃபிஷர் 2012இல், ஜெட் ஏர்வேஸ் 2019இல், கோ ஃபர்ஸ்ட் 2023இல் நின்றுபோயின. லாபம் மெலிந்த தொழில் என்பது உண்மை. ஆனால் 2003இல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானைத் தொடங்கியபோது சாதாரண மனிதரோடு ஓர் ஒப்பந்தம் இருந்தது: சாப்பாடு, உபசாரம் எதையும் எதிர்பார்க்காதே, டிக்கெட்டை உன் கைக்கெட்டும் விலையில் தருகிறேன். அவர் வாழ்க்கையைத் தழுவி 2020இல் வந்த சூரரைப் போற்று படத்தின் நாயகன் எங்கள் மதுரைச் சீமை சோழவந்தான்காரன். சொந்த ஊரில் ரயில் நிற்க வேண்டும் என்ற போராட்டத்தைப் பார்த்து வளர்ந்தவன், பிறகு எளியவர்களுக்கு விமானம் விடுகிறான். ரயிலும் விமானமும் ஒரே உரிமையின் இரண்டு படிகள் என்று அந்தக் கதைக்குத் தெரிந்திருந்தது. இன்று அந்த ஒப்பந்தத்தின் முதல் பாதி அப்படியே இருக்கிறது. சாப்பாடு இல்லை, உபசாரம் இல்லை. இரண்டாம் பாதியான மலிவு விலை, தீபாவளிக்கு முந்தின நாளில் காணாமல் போகிறது.

எனவே என் தீர்ப்பு இது. பயணியை மனிதராக நினைத்து விதி எழுதியதில் ரயில்வே மேல். தவறினால் ஈடு தர வேண்டும் என்று எழுதியதில் விமானத்துறை மேல். விமானத்துறை ரயில்வேயிடமிருந்து ஒரே ரத்து விதியையும், கேட்காமலே பெரியவர்களுக்கு நல்ல இடம் தருவதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். பெட்டி, இருக்கை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையை முதல் திரையிலேயே காட்ட வேண்டும். ரயில்வே தாமதத்துக்கான இழப்பீட்டை விதியாக்க வேண்டும். மூத்தோர் சலுகையைத் திருப்பித் தர வேண்டும்.

அது நடக்கும்வரை, வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. விமான டிக்கெட்டை ரத்து செய்தால் வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார் எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலும் பேசலாம். ரயில் குறைகளுக்கு 139. பெட்டியை ஊரிலேயே எடைபோட்டுவிட்டுக் கிளம்புங்கள்.