லியோன் நெசவாளியின் காலைச் சாப்பாடு



போன வாரம் ஒரு படம் போட்டிருந்தேன். பிரான்சின் லியோன் நகரில், மகள் குடியிருக்கும் கட்டடத்தில் பக்கத்து வீட்டு அம்மாவின் சாப்பாட்டு மேசை. நடுவில் சிவப்பு ஒயின் இருந்தது. அவ்வளவுதான், ஆளாளுக்குக் கேள்வி. "சார், நீங்களுமா?" என்று 1994 பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். அத்தை மகன் போனே செய்துவிட்டான். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில்: என் குவளையில் இருந்தது தண்ணீர். 72 வயதுவரை தொட்டதில்லை, இனியும் தொடமாட்டேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் அந்த மேசைக்குப் பின்னால் 600 ஆண்டு வரலாறு இருக்கிறது. உங்களுக்கு நான் நடத்தாமல் விட்ட பாடம் அது.

மகள் வீடு இருப்பது குருவா ரூஸ் என்ற குன்றின்மேல். எதிரே இன்னொரு குன்றில் பெரிய மாதா கோயில். அதை "பிரார்த்திக்கும் குன்று" என்றும், இதை "உழைக்கும் குன்று" என்றும் ஊரார் சொல்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இந்தக் குன்று முழுவதும் பட்டுத்தறிகள். உயரமான தறி நிற்க வேண்டும் என்பதால் வீடுகளின் கூரையை 4 மீட்டர் உயரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். அங்குள்ள சிறு அருங்காட்சியகத்தில் தறி ஓட்டிக் காட்டினார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குக் காஞ்சிபுரம் வீடு நினைவுக்கு வந்துவிட்டது. எங்கள் தறியின் தலைமேல் அட்டைகளோடு ஒரு ஜக்கார்டு பெட்டி இருக்குமே, அது 1804-இல் இந்த ஊர்க்காரர் ஜோசப் மரி ஜக்கார் உருவாக்கிய கருவியின் வழி வந்தது. அப்பா ஆயுள் முழுக்க உச்சரித்தது ஒரு லியோன்காரரின் பெயர் என்று அவருக்குத் தெரியாது.

இந்த நெசவாளிகளுக்குக் 'கனூ' என்று பெயர். நாளைக்கு 14 மணி நேரத்துக்கும் மேல் வேலை. கூலி போதாமல் 1831-இலும் 1834-இலும் கிளர்ந்து எழுந்தார்கள். படை வந்து அடக்கியது. "உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடிச் சாவோம்" என்பது அவர்களின் முழக்கம். ஐரோப்பியத் தொழிலாளர் வரலாற்றில் இது எல்லோருக்கும் தெரிந்த பக்கம். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை.

விடியும் முன்பே தறியில் உட்கார்ந்தவர்கள் காலை நடுவில் எழுந்து வந்து 'மஷோன்' என்ற கனத்த உணவு உண்பார்கள். பணக்காரர் வீட்டுக்கு நல்ல கறி போய்விடும். இவர்களுக்கு மிஞ்சியது குடல், இரைப்பை, கால், தலை. நம்மூரில் போட்டி என்கிறோமே, அதுதான். இரைப்பையை வேகவைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பார்கள். குடலைத் திணித்துத் தொத்திறைச்சி செய்வார்கள். தயிர் போன்ற பாலாடைக்கட்டியில் வெங்காயம், பூண்டு, கீரைத்தழை சேர்த்துப் பிசைவார்கள். நம் தயிர்ப் பச்சடிக்கு ஒன்றுவிட்ட தங்கை. அதற்குப் பெயர் 'கனூவின் மூளை'. யாரோ கேலியாக வைத்த பெயர், இன்றும் உணவுப் பட்டியலில் இருக்கிறது. இவற்றோடு போஜோலே என்ற வட்டாரத்தின் சிவப்பு ஒயின்.

அந்த ஒயின் ஏன்? வல்லுநர் யாரும் ருசி பார்த்துப் பொருத்தம் சொல்லவில்லை. இதற்குப் பின்னால் ஓர் அரசாணை இருக்கிறது.

லியோனுக்கு வடக்கே பர்கண்டி. 14-ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய் வந்து மக்கள் கூட்டம்கூட்டமாக மடிந்த பிறகு, திராட்சைத் தோட்டங்களில் வேலைக்கு ஆள் இல்லை. பினோ நுவார் திராட்சை நோஞ்சான் பிள்ளை மாதிரி, நிறையக் கவனிப்பு வேண்டும். கமே என்ற இன்னொரு வகையோ சீக்கிரம் பழுக்கும், அள்ளிக் கொடுக்கும். உழவர்கள் கமேயை நட்டார்கள். பர்கண்டியின் பிரபு பிலிப்புக்கு இது பிடிக்கவில்லை, தன் ஊர் ஒயினின் பெயர் கெடும் என்று கவலை. 1395-இல், அது நம்பகமற்ற தீய பயிர், பிடுங்கி எறியுங்கள் என்று ஆணையிட்டார். தெற்கே இருந்த போஜோலே அவர் ஆட்சிக்கு உட்படாதது. அங்கிருந்த கருங்கல் மண் கமேக்கு நன்றாக ஒத்துக்கொண்டது. ஓர் ஊரில் விரட்டப்பட்ட பயிர் அடுத்த ஊரில் வேர் பிடித்தது.

போஜோலேக்கு அருகே சோன் ஆறு ஓடுகிறது. பீப்பாய்களைப் படகில் ஏற்றினால் நீரோட்டத்தோடு லியோன் வந்து சேரும். வண்டிக்கூலி குறைவு, விலையும் குறைவு. லியோனுக்கு மூன்று ஆறுகள்: ரோன், சோன், போஜோலே என்று அங்கே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. நெசவாளி கைக்கு எட்டியது அந்த ஒயின்தான், அவன் தட்டுக்கு எட்டியது குடல்தான். பொருத்தத்தின் முதல் காரணம் பணம், இரண்டாவது ஆறு.

ஆனாலும் அது நாக்குக்கும் பொருந்திப்போனது. அறுசுவையில் துவர்ப்பு என்று படித்திருக்கிறோமே, அது திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கிறது. கமே ஒயினில் துவர்ப்புக் குறைவு, புளிப்புத் தூக்கல். கொழுப்பு மிகுந்த உணவு நாக்கில் படியும்போது புளிப்பு அதை வழித்துவிடும். கறிக்குழம்புச் சோற்றுக்குப் பிறகு நாம் ரசம் கேட்பது இதற்காகத்தான். துவர்ப்பு மிகுந்த கனத்த ஒயின் மாட்டிறைச்சிக்குச் சேரும். கறியின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும். மீனுக்கு வெள்ளை ஒயின் வைப்பதற்கும் காரணம் உண்டு. சிவப்பு ஒயினில் இரும்புச்சத்து கூடுதலாக இருந்தால், மீனோடு சேரும்போது வாயில் ஒரு கவிச்சு வாடை தங்கிவிடும். லியோனில் ஆற்றுமீனை அரைத்துச் செய்யும் கொழுக்கட்டை போன்ற 'கெனெல்' வந்தால் மேசைக்கு வெள்ளை ஒயின் வருவது அதனால்தான்.

நெசவாளிகள் உண்ட சிறு கடைகளுக்குப் 'புஷோன்' என்று பெயர். அடி கனத்த கண்ணாடிப் புட்டியில் 46 சென்டிலிட்டர் ஒயின் ஊற்றித் தருவார்கள், இன்றும் அதே அளவு. பிறகு பட்டு முதலாளிகளின் வீடுகளில் சமைத்த பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து சொந்தமாகக் கடை போட்டார்கள். ஊர் அவர்களை 'அம்மாக்கள்' என்றே அழைத்தது. அவர்களில் யூஜெனி பிரேசியே பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1895-இல் பிறந்தவர். 10 வயதில் தாயை இழந்தார். பண்ணை வேலை செய்து வளர்ந்தார். மணமாகாமல் தாயானதால் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டார். ஒரு குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்து அடுப்படிக்கு வந்தவர் 1921-இல் சிறிய உணவகம் திறந்தார். 1933-இல் அவருடைய இரண்டு உணவகங்களுக்கும் மிஷ்லின் வழிகாட்டி தலா 3 நட்சத்திரம் கொடுத்தது. உலகப் புகழ்பெற்ற பால் பொகூஸ் அவரிடம் தொழில் பழகியவர். இன்று நாம் 'பெரிய ரெஸ்டாரன்ட் சாப்பாடு' என்று வியப்பதில் பாதி, வீட்டு வேலைக்காரப் பெண்களின் கைப்பக்குவம். எந்த உணவுக்கு எந்த ஒயின் என்ற வழக்கமும் அப்படித்தான் வீட்டிலிருந்து கடைக்குப் போனது.

அரசு கடைசியாகத்தான் வந்தது. ஓர் ஊரின் பெயரை அந்த ஊர் ஒயின் மட்டுமே தாங்கலாம் என்று 1935-இல் சட்டம் செய்தார்கள். 1937-இல் போஜோலேக்கும் அந்த உரிமை கிடைத்தது. நம் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கினோமே, அதன் மூத்த அண்ணன்.

இப்போது அந்த மேசைக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 80 வயதுக்கு மேல். உப்பிட்ட பன்றிக்கறியும் பருப்பும் சமைத்திருந்தார். தனக்கு அரைக் குவளை ஊற்றிக்கொண்டு புட்டியை மூடி வைத்துவிட்டார். எனக்குத் தண்ணீர் ஊற்றும்போது ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன், மகள் மொழிபெயர்த்தாள்.

1971-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தளர்த்திக் கடைகள் திறந்தபோது நான் கல்லூரி முதலாண்டு. அப்பா சேலையைக் கொடுத்துக் கூலி வாங்கும் நாளில் கடைக்குப் போய் நின்றபடியே குடிப்பார். தொட்டுக்கொள்ள ஊறுகாய். அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்துத் தட்டால் மூடிக் காத்திருப்பார். அப்பா வந்து சாப்பிடாமல் படுத்துவிடுவார். 1974-இல் கடைகளை மறுபடி மூடினார்கள். அதற்குள் அப்பா போய்விட்டார். "உங்கள் ஊரில் குடி சோற்றோடு வந்தது, எங்கள் ஊரில் குடி வந்ததும் சோறு போனது" என்றேன். வரலாற்று வாத்தியார் அல்லவா, சட்டென்று ஒரு முடிவு சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா தலையை ஆட்டினார். "என் அப்பாவும் சாப்பாட்டோடுதான் தொடங்கினார். பிறகு சாப்பாடு இல்லாமலும் குடித்தார். அவருக்கு எடுத்து வைத்த தட்டை என் அம்மாவும் அடுப்புக்குள் மூடி வைத்திருந்தாள்" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. ஊர் திரும்பிய பின் படித்தேன். பிரான்சில் பள்ளிக்கூடச் சாப்பாட்டில் குழந்தைகளுக்கே ஒயின் கொடுத்திருக்கிறார்கள். 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று நிறுத்தியது 1956-இல்தான். மது விளம்பரங்களை 1991-இல் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தினார்கள். சோறும் ஒயினும் எவ்வளவு பொருந்தினாலும் அந்தப் பொருத்தம் யாரையும் காப்பாற்றவில்லை என்பது அவர்களுக்கும் பட்டுத்தான் தெரிந்தது. ஆகவே நான் சொன்ன முடிவைத் திருத்திக்கொள்கிறேன், மதிப்பெண் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று மாறவில்லை. இந்த வரலாற்றில் மூடி வைத்த தட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்களை யாரும் எழுதவில்லை. லியோனிலும் இல்லை, காஞ்சியிலும் இல்லை. என் மாணவர்களில் யாராவது கூலி நாளில் வழி மாறிப் போகிறவர்களாக இருந்தால், இன்று இரவு நேராக வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள். சார் சொன்னார் என்று வையுங்கள்.

அத்தை மகனுக்கு ஒரு வேலை: அம்மாவின் கருவாட்டுக் குழம்புப் பக்குவம் உன் அக்காவுக்குத் தெரியும். எழுதி அனுப்பச் சொல். அந்த அம்மாவுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்கு எந்த ஒயின் சேரும் என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.